எதுவும் செட் ஆகாத ஊர்

கொம்மட்டிவிளைக்கு 'செட்டு' என்கிற வார்த்தை எப்போது வந்து சேர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறி வந்ததோ, கொழும்பில் கடை வைத்துத் திரும்பியவர்களின் தகரப்பெட்டிக்குள் படுத்து வந்ததோ, வந்த வார்த்தை ஊரை விட்டுப் போகவில்லை, வந்த இடத்தில் சும்மாவும் இருக்கவில்லை, கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் போய் வேலை செய்தது. வாழைத்தோட்டத்தில் தண்ணீர் இறைத்தால் அது பம்புசெட்டு, தேவசகாயம் வாத்தியார் வாயில் உட்கார்ந்தால் அது பல்செட்டு, பால்பாண்டி கடையில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டைப் போட்டு சாம்பாரை ஊற்றினால் செட்டு தோசை. ஒரே வருசம் ஒன்றாம் கிளாசில் மூக்கொழுகச் சேர்ந்தவர்கள் சாகும்வரை ஒரு செட்டு. தோடும் மாலையும் ஒரே கல்லில் அமைந்தால் செட்டு, சீட்டாட்டத்தில் மூன்று ராஜா கூடினால் செட்டு. பெண்ணுக்கு மாப்பிள்ளை முடிவானால் 'செட் ஆயிட்டு', மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துவராவிட்டால் 'செட் ஆவல', கொத்தனார் பூசிய சிமெண்டு கல்லாகிவிட்டால் அதுவும் 'செட் ஆயிட்டு'. இத்தனை வேலைக்கும் ஒரு வார்த்தை போதும் என்று ஆனபிறகு, வீட்டில் ஏற்கெனவே இருந்த வார்த்தைகளை ஊர்க்காரர்கள் கல்யாணப் பட்டுச்சேலையைப்போல மடித்து அடியில் வைத்துவிட்டார்கள்.

இத்தனை செட்டுகளிலும் ஊருக்கு ரொம்பப் பிடித்தது எட்வினின் மைக்செட்டு. கல்யாணமோ, சடங்கோ, கோயில் அசன விருந்தோ, பனைமரத்தின் பாதியில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிவிட்டு அவன் 'அலோ அலோ' என்றால் தூங்குகிற பிள்ளைகூடச் சிரித்துக்கொண்டே எழும். பியூலாவைப் பெண் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு, யார் வீட்டு விசேஷத்துக்கோ கட்டியிருந்த குழாயில், "நமக்கு செட் ஆயிட்டு, செட் ஆயிட்டு" என்று ஊர் முழுக்கச் சொன்னவன் அவன். கல்யாணமாகிப் பிள்ளையும் வளர்ந்தபிறகு, அதே குழாயைக் கட்டப் போன இடத்தில்தான், மழை பெய்து விட்டிருந்த ஒரு நாளில், ஈர மரத்தோடு கிடந்த வயரில் கை பட்டு அவன் கீழே விழுந்தான். தரைக்கு வரும் முன்னாலேயே உயிர் இல்லை என்றார்கள். அதைச் சொன்னால் பியூலாவுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னார்கள்.

அடக்கம் முடிந்து அந்த வாரத்திலேயே திரவியம் கொத்தனார் கல்லறை கட்டினார். கட்டி முடித்து, மேலே சிமெண்டைப் பூசித் தேய்த்துக்கொண்டிருந்தபோது, கூட வந்த பெண்கள் பியூலாவைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு அவள்மேல் பிரியம். ரவிக்கை தைக்கக் கொடுத்தால் அளவு பார்க்காமலே தைத்துக் கொடுக்கிறவள், தைக்கும்போதே நாலு கதை சொல்லிச் சிரிக்க வைக்கிறவள். அவளிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். "போவப் போவ செட் ஆயிரும் பியூலா." "பிள்ளை இருக்கால்லா, பிள்ளையப் பாத்து செட் ஆயிரும்." "எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு, பொறவு செட் ஆயிட்டு." அதே நேரத்தில் கொத்தனாரும் கரண்டியைக் கழுவிக்கொண்டே, "சாயந்தரத்துக்குள்ள செட் ஆயிரும்" என்றார்.

பியூலா தலையைத் தூக்கி எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். கோபமில்லாமல், கடைக்காரனிடம் இந்தத் துணி வேண்டாம் என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

"ஆவக்கூடாது. செட் ஆவவே கூடாது."

பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். ஆனால் அந்த வார்த்தை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. வெளியூரிலிருந்து வந்த வார்த்தை. சொன்ன வேலையைத் தட்டாமல் செய்து பழகியது. தன்னுடைய இத்தனை வேலைகளில் எதை நிறுத்தச் சொல்கிறாள் என்று அதற்கு விளங்கவில்லை. விளங்காததால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது.

மறுநாள் பெயர் எழுத ஆணியோடு வந்த கொத்தனார், பூசியபடியே சிமெண்டு தோசைமாவு மாதிரி இருப்பதைப் பார்த்தார். வந்தது வந்தாயிற்று என்று எழுதினார். 'எ' எழுதி முடித்து 'ட்' எழுதும்போது 'எ' மூடிக்கொண்டது. வீட்டுக்குப் போகிற வழியில், முந்தின வாரம் அவரே காங்கிரீட்டு போட்ட ஞானப்பூவின் வீட்டை எட்டிப் பார்த்தார். கூரைப் பலகையின் மேலும் அதே மாவு.

பால்பாண்டி கடையில் அன்று காலையிலிருந்தே ஒற்றைத் தோசைதான்.

"என்ன ஓய், ரெண்டாவது எங்க?"

"கல்லை விட்டு எந்திரிக்க மாட்டேங்கு. நீரே வந்து கெஞ்சிப் பாரும்."

"வாத்தியாரு என்ன, பல்லைக் கையில பிடிச்சுக்கிட்டு டீ குடிக்காரு?"

"மாட்டுனா நிக்க மாட்டேங்குடே," என்றார் தேவசகாயம் வாத்தியார், காற்றுப் போகிற வாயோடு. "சின்னப்பிள்ளை மாதிரி வெளிய வெளிய ஓடுது."

"அதும் உம்மகிட்ட படிச்ச பயதான் போல."

சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே பழகினார்கள். பம்புசெட்டு ஓடாததால் வாழைக்குக் குடத்தில் ஊற்றினார்கள். ஊரிலிருந்த ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு தோடு காணாமல் போக, பெண்கள் இடது காதில் ஒன்றும் வலது காதில் வேறொன்றும் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனார்கள்; கொஞ்ச நாளில் அதுவே அழகு என்றாகி, பக்கத்து ஊர்க் குமரிகளும் அப்படிப் போட ஆரம்பித்தார்கள். சீட்டாட்டக்காரர்கள் மூன்றாவது ராஜாவுக்காகக் காத்திருந்து களைத்து மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனதில் வீட்டுப் பெண்களுக்குச் சந்தோஷம்தான். முடிவாகியிருந்த இரண்டு கல்யாணம் கலைந்தது. பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் ஏன் கலைந்தது என்று தெரியாமல் ஒரே பஸ்ஸில் உட்கார்ந்து பேசிக்கொண்டே ஊர் திரும்பினார்கள். ஒரு செட்டாகத் திரிந்த பையன்கள் ஆளுக்கொரு மதகில் தனியாக உட்கார்ந்தார்கள்.

காரணம் கொத்தனாருக்குத் தெரியும். ஞானப்பூவிடம் மட்டும் சொன்னார். ஞானப்பூ பியூலாவின் பக்கத்து வீட்டுக்காரி, புருஷன் போய் வருசக்கணக்காகிறது, மகள் மெர்சி பேறுகாலத்துக்கு வந்திருந்தாள். மெர்சியும் பிள்ளையும் ஒழுகாத இடத்தில் இருக்கட்டும் என்றுதான் ஓட்டைப் பிரித்துவிட்டுக் காங்கிரீட்டு போட்டது. இப்போது உள்ளே ஆள் நுழைய இடமில்லாமல் முட்டுக்கம்புகள் நின்றன, தாயும் மகளும் சமையல் செய்கிற ஓலைச் சாய்ப்பில் கிடந்தார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஞானப்பூ, "அவ சொன்னதுல என்ன தப்பு? வாயை மூடிக்கிட்டுப் போரும் அண்ணாச்சி," என்றாள்.

பியூலா தினமும் மத்தியானம், மகள் ஷைனி பள்ளிக்கூட வேனில் வருவதற்கு முன்னால், கல்லறைத் தோட்டத்துக்குப் போய்வந்தாள். முதல் நாள் சிமெண்டு மேல் விழுந்திருந்த வேப்பிலையை எடுக்கத்தான் கையை வைத்தாள். கை உள்ளே போனது. மணிக்கட்டு வரை போனது, முழங்கை வரை போனது, சிமெண்டைத் தாண்டி மண்ணையும் தாண்டிப் போனபிறகு, வயர் சீவிச் சீவித் தழும்பேறிய விரல்கள் அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டன. அவளுக்கு அது ஆச்சரியமாக இல்லை. எட்வின் எப்போதுமே அவள் கையைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறவன். தூக்கத்தில் உருவினால்கூட விடமாட்டான். அவள் அங்கே ஒருக்களித்துப் படுத்தபடி அவனுக்கு ஊர்ச்செய்தி சொன்னாள். வாத்தியாரின் பல் குழம்பில் விழுந்ததைச் சொன்னபோது அந்த விரல்கள் குலுங்கின. வேன் வருகிற நேரத்துக்கு எழுந்து, தையல் மிஷினில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் சிரித்துப் பேசினாள். வலது கை முழங்கை வரை சாம்பல் பூத்திருந்ததை எல்லாரும் பார்த்தார்கள். யாரும் கேட்கவில்லை.

அப்படியே போயிருக்கும். ஊர் எதற்கும் பழகிக்கொள்கிற ஊர்தான். ஆனால் ஷைனி இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தாள். ஒரு சாயங்காலம் வாசற்படியில் உட்கார்ந்து, மிஸ் சொல்லிக்கொடுத்ததைக் காலை ஆட்டி ஆட்டிச் சத்தமாகப் படித்தாள். "த சன் ரைசஸ் இன் த ஈஸ்ட். த சன் செட்ஸ் இன் த வெஸ்ட்."

அதுவரை சூரியனுக்குத் தானும் அந்த வேலைதான் செய்கிறோம் என்று தெரியாது. கொம்மட்டிவிளையில் யாரும் அதை அப்படிச் சொன்னதில்லை. பிள்ளை சொல்லிக் கேட்டதும் அது பனங்காட்டுக்கு ஒரு சாண் உயரத்தில் நின்றுவிட்டது.

அப்புறம் அது இறங்கவே இல்லை. குளத்தங்கரை தாண்டிப் பக்கத்து ஊரில் வழக்கம்போல இருட்டியது, விளக்குப் போட்டார்கள், சாப்பிட்டுத் தூங்கினார்கள். கொம்மட்டிவிளையில் மட்டும் சாயங்காலம். கோழிகள் கூட்டு வாசலில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றன. அந்திமந்தாரை பாதி விரிந்து, மீதி விரிவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றது. ஊர்க்காரர்கள் சன்னலுக்குச் சாக்குக் கட்டினார்கள், தலைக்குமேல் போர்வையை இழுத்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் மிளகாயையும் கருவாட்டையும் கொண்டுவந்து, "உங்களுக்குத்தான் வெயிலு மிஞ்சிக் கிடக்குல்லா" என்று இங்கே காயப்போட்டார்கள். வெயில் பார்க்க வந்தவர்களுக்கு ஒருவன் கறுப்புக் கண்ணாடி விற்றான். பாதிரி ஐயர் மாலை ஜெபத்தை ஆரம்பித்தார், ஆனால் மாலை முடியாததால் ஜெபத்தை எங்கே முடிப்பது என்று தெரியாமல், சபையார் ஒவ்வொருவராக எழுந்து போகப் போகத் தனியாக நின்று ஜெபித்துக்கொண்டிருந்தார்.

பெரியவர்கள் பழகினார்கள். பிள்ளைகளால் முடியவில்லை. தொட்டிலில் கிடந்தவற்றுக்கு அழுது அழுது தொண்டை கட்டியது. ஷைனியின் கண் கோவைப்பழம் மாதிரி சிவந்தது, சோற்றில் கையை வைத்தபடியே வெறித்துப் பார்த்தாள். பியூலா அவளை மடியில் போட்டுச் சேலைத்தலைப்பால் முகத்தை மூடினாள். மூடின தலைப்புக்குள்ளும் வெளிச்சம்.

"எம்மா, எனக்கு இருட்டணும்."

"கண்ணை மூடு. இருட்டும்."

"மூடினாலும் செவப்பாத்தான் இருக்கு." பிள்ளை தலைப்புக்குள்ளிருந்து கேட்டாள், "முன்னாலல்லாம் சூரியன் என்ன செய்யும்?"

"முன்னாலயா? பொழுது அடையும். கோழி கூட்டுல போய் அடையுதுல்லா, அது மாதிரி அதுவும் போய் அடைஞ்சிரும். அடைஞ்ச பொறவு நாமளும் படுப்போம்."

தூங்கவைக்கச் சொன்னாள், வேறு எண்ணமில்லை. ஆனால் தன்னை யாரோ பழைய பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல சூரியன் அசைந்தது. நேரமாகிப்போன கோழி தலையைக் குனிந்து நுழைவதுபோல, பனைகளுக்கு நடுவே குனிந்து உள்ளே போனது. இருட்டு வந்தது. ஊரே உட்கார்ந்த இடத்தில், நின்ற இடத்தில், பேசிக்கொண்டிருந்த வாயோடு தூங்கியது. ஐயர் ஆமென் சொன்னார்.

விடிந்ததும் விஷயம் வீடு வீடாகப் பரவியது. ஆளாளுக்கு மடித்து வைத்த வார்த்தைகளைத் தேடி எடுத்தார்கள். வாத்தியார் பல்லைக் கையில் வைத்துக்கொண்டு, "பொருந்துப்பா" என்றார், பொருந்தியது. பால்பாண்டி, "ரெண்டு தோசை" என்று கல்லிடம் சொன்னான், இரண்டும் எழுந்துகொண்டன. பையன்கள் ஒருத்தனை ஒருத்தன் "கூட்டாளி" என்று கூச்சத்தோடு கூப்பிட்டுப் பார்த்து ஒரே மதகில் உட்கார்ந்தார்கள். கலைந்த கல்யாணங்களில் ஒன்று அமைந்தது. இன்னொன்றில் பெண், தனக்கு இப்படியே நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டாள். தோட்டத்தில் மோட்டார் தண்ணீரைத் துப்பியது. அந்த வெளியூர் வார்த்தையை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. அது எங்கே போனதோ, யாரும் தேடவுமில்லை.

சிமெண்டு மட்டும் கேட்கவில்லை. கொத்தனார் ஞானப்பூ வீட்டுக் கூரையில் ஏறி நின்று, "இறுகு" என்றார். அதட்டினார், கெஞ்சினார். அது மாவாகவே கிடந்தது. எங்கே நின்று நிறுத்தச் சொன்னார்களோ, நிறுத்தச் சொன்னவர்களே அங்கே நின்று சொல்லவேண்டும் என்பது எல்லாருக்கும் விளங்கியது. அது யார் என்பதும் இப்போது தெரிந்துபோயிற்று. பியூலாவின் வாசலைத் தாண்டும்போது குரலைத் தணித்துக்கொண்டார்கள். ஒருத்தர்கூட உள்ளே வந்து கேட்கவில்லை. ஐப்பசி பிறந்திருந்தது. கடல் பக்கம் மேகம் எருமை மந்தையாக எழுந்து நின்றது.

பியூலா மிஷினில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஞானப்பூ தார்ப்பாயைத் தலையில் வைத்துக்கொண்டு ஏணியில் ஏறுவதும், காற்று அதைப் பிடுங்குவதும், மறுபடி ஏறுவதும் தெரிந்தது. நூலை அறுத்துவிட்டுப் போய், தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்தாள்.

"மழை பெஞ்சா இது தாங்குமா சித்தி?"

"தாங்காது."

"பொறவு எதுக்கு?"

"சும்மா இருக்க முடியல, அதுக்குத்தான்."

சாய்ப்பில் மெர்சி இடுப்பைப் பிடித்துக்கொண்டு பானையில் தண்ணீர் மோந்துகொண்டிருந்தாள். வயிறு இறங்கியிருந்தது. அவள் தலைக்குமேல் இருந்த ஓலை வழியாக வானம் தெரிந்தது.

"நீங்க எங்கிட்ட ஒண்ணும் கேக்கலையே சித்தி."

ஞானப்பூ கயிற்றை முடிச்சுப் போட்டாள். போட்டுவிட்டு, பியூலாவின் சாம்பல் பூத்த கையைப் பார்த்தபடி, "சாமான் செட்..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். "பாத்திரம் பண்டம்னா கேக்கலாம். நீ வச்சிருக்கது ஒரு கை. அதை எப்படிட்டி கேக்கது?"

பியூலா வீட்டுக்குப் போனாள். ஷைனி வேனிலிருந்து இறங்கியதும், சட்டை மாற்றி, தலை சீவி, பூ மாதிரி ஒரு ரிப்பன் கட்டி, "வா, அப்பாவப் பாத்துட்டு வருவோம்" என்று கூட்டிக்கொண்டு போனாள். பிள்ளையை அங்கே அவள் அதுவரை கூட்டிப்போனதில்லை.

கல்லறைப் பக்கத்தில் படுத்துக் கையை விட்டாள். விரல்கள் வந்து பிடித்தன. "ஷைனி வந்திருக்கா," என்றாள். பிடி இறுகியது. பிள்ளையும் பக்கத்தில் குப்புறப் படுத்து, தோள்வரைக்கும் கையை விட்டுத் துழாவினாள்.

"எம்மா, ஒண்ணுமே அகப்பட மாட்டேங்கு."

"உனக்குக் கை சின்னதுல்லா."

"பெருசானா எட்டுமா?"

பியூலா சிமெண்டுக்குள்ளிருந்து பிள்ளையின் கையை எடுத்து, துடைத்து, தன் இடது கையால் பிடித்துக்கொண்டாள். வலது கையை அவன் பிடித்திருந்தான். அப்படி மூன்று பேரும் கொஞ்ச நேரம் இருந்தார்கள். அப்படி மூன்று பேர் இருப்பதற்கு அந்த ஊரில் ஒரு வார்த்தை இருந்தது. இப்போது அதை யாரும் சொல்வதில்லை.

அவள் அவனுக்கு எல்லாவற்றையும் சொன்னாள். ஞானப்பூ சித்தியின் கூரையைச் சொன்னாள், மெர்சியின் வயிறு இறங்கிவிட்டதைச் சொன்னாள், மேகத்தைச் சொன்னாள். "எனக்கு இஷ்டமில்ல கேட்டீங்களா," என்றாள். "ஒரு பொட்டு இஷ்டமும் இல்ல." தூரத்தில் இடி உருண்டது. ஒரு சொட்டு அவள் காதின்மேல் விழுந்தது. சிமெண்டில் வாயை வைத்து, பிள்ளைக்குக்கூடக் கேட்காத குரலில், "இறுகட்டும்" என்றாள்.

தூக்கத்தில்கூட விடாதவன், அவள் கையை ஒரு தடவை அழுத்தினான். பிறகு சுண்டுவிரலை விட்டான், அடுத்ததை விட்டான், ஒவ்வொன்றாக விட்டான். விட்டபிறகும் அவள் கையை எடுக்காமல் கிடந்தாள். சிமெண்டு மணிக்கட்டில் நெருக்கியது, முழங்கையில் நெருக்கியது. அப்போது கீழேயிருந்து ஒரு உள்ளங்கை அவள் உள்ளங்கையோடு சேர்ந்து அவளை மேலே தள்ளியது. தோல் உரிந்து கை வெளியே வந்தது.

மழை அன்று விடாமல் பெய்தது. ஞானப்பூ வீட்டுக் கூரையின்மேல் கல்லின்மேல் பெய்வதுபோலப் பெய்தது, ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. அந்தக் கூரைக்குக் கீழே, நாலைந்து முட்டுக்கம்பை உருவிய இடத்தில் பாயை விரித்து, மெர்சி ஒரு பெண்பிள்ளையைப் பெற்றாள்.

மழை விட்டு வானம் வெறித்த ஒரு சாயங்காலம் கொத்தனார் உளியோடு கல்லறைத் தோட்டத்துக்கு வந்தார். ஆணியால் எழுதுகிற காலம் போய்விட்டதால் கொத்தித்தான் எழுத வேண்டியிருந்தது. 'எ' கொத்தினார், 'ட்' கொத்தினார், எதுவும் மூடிக்கொள்ளவில்லை. பியூலா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கடைசி எழுத்து வரை பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்தைத் துடைத்து முடித்தபிறகு கொத்தனார், கல்லறையின் ஓரத்தில் ஒரு கை நுழைகிற அளவுக்கு இருந்த பள்ளத்தைப் பார்த்தார். மழைத்தண்ணீர் நிரம்பியிருந்தது. எவ்வளவு ஆழம் என்று தெரியவில்லை. சட்டியில் கொஞ்சம் கலவை மீதி இருந்தது.

"இதை அடைச்சிரட்டுமாம்மா?"

பியூலா வாயைத் திறந்தாள். பனைகளுக்கு நடுவே பொழுது குனிந்து போய்க்கொண்டிருந்தது, கோழிகள் கூட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தன, மெர்சியின் பிள்ளை எங்கோ அழுது ஓய்ந்தது. 'அடை' என்கிற இந்த வார்த்தைக்கும் எத்தனை வேலையோ, அது எங்கே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறதோ, கூடாது என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் எது எதுவெல்லாம் அடையாமல் நின்றுபோகுமோ.

திறந்த வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள், வேண்டாம் என்று.

கொத்தனார் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.